யார் வீட்டில் யார்?

28 வயது மகன் பெற்றோரோடு ஒரே வீட்டில் இருந்தால் அது ஒரு மாதிரிச் செய்தி. இந்தத் தலைமுறைக்குச் சொந்தக் காலில் நிற்கத் தெரியவில்லை என்று எழுதுவார்கள். 78 வயது அம்மா மகனோடு ஒரே வீட்டில் இருந்தால் அது வேறு மாதிரிச் செய்தி. மகனுக்குப் பாராட்டு, அம்மாவுக்குக் கொடுத்துவைத்தவர் என்ற பட்டம். இந்த இரண்டு வகைக் கட்டுரைகளும் மாறி மாறிக் கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அதே வீடு, அதே அம்மா, அதே மகன் என்றால்? அவன் எங்கேயும் போகவில்லை, அவரும் எங்கேயும் போகவில்லை, காலம் மட்டும் போயிருக்கிறது. எந்த வருஷத்தில் ‘அம்மா வீட்டில் இருக்கிற பையன்’ என்பது போய் ‘மகன் வீட்டில் இருக்கிற அம்மா’ என்று ஆகிறது? கட்டில்கூடப் போட்ட இடத்திலேயேதான் கிடக்கிறது.

பெரியவர்கள் யார் யாரோடு வாழ்கிறார்கள் என்று வயதுவாரியாகப் பிரித்துக் காட்டும் அட்டவணைகளை விரும்பிப் படிக்கிற ஆள் நான். அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை வருஷாவருஷம் ஒன்று வெளியிடுகிறது. 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரையும் ஒரு கட்டத்தில் போட்டுவிடுவார்கள்: தனியாக, துணைவரோடு, மணமாகாத இணையோடு, பெற்றோர் வீட்டில், வேறு உறவினரோடு, உறவல்லாதவரோடு. மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போனால் ஒரு முழு ஆயுளே ஓடுவதுபோல இருக்கும். 18 முதல் 24 வரை பெற்றோர் வீடுதான் பெரிய கட்டம். அப்புறம் அது சுருங்கி, துணைவரோடு இருப்பவர்களின் கட்டம் வீங்குகிறது. 75ஐத் தாண்டியதும் பெண்கள் வரிசையில் ‘தனியாக’ என்ற கட்டம் விரிந்து, ஐந்தில் இருவரை விழுங்கிவிடுகிறது. ஆண்களுக்கு அந்த அளவு இல்லை. கணவர் பெரும்பாலும் வயதில் மூத்தவர், சீக்கிரம் போய்விடுகிறார். மனைவியை இழந்தவர் மறுமணம் செய்துகொள்வதும் கணவரை இழந்தவரைவிட அதிகம். விஷயம் அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கட்டங்களை ரொம்பவும் நம்பிவிடக் கூடாது. அந்தக் கணக்கெடுப்பில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் மணமாகாத மாணவர் பெற்றோர் வீட்டில் இருப்பதாகத்தான் கணக்கு. ‘பாதிப் பேர் இன்னும் அம்மா வீட்டில்தான்’ என்று பத்திரிகைகள் அலறும்போது, அந்தப் பாதியில் ஒரு பகுதியினர் எங்கோ ஒரு விடுதி அறையில் துவைக்காத துணிகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். 2020 ஜூலையில், பெருந்தொற்றின் நடுவில், அமெரிக்காவில் 18 முதல் 29 வயதுக்குள் இருந்தவர்களில் 52 சதவீதம் பேர் பெற்றோரில் ஒருவரோடோ இருவரோடோ இருந்ததாகப் பியூ ஆய்வு மையம் சொன்னது. 1940இல் அது 48 சதவீதம். ஐரோப்பாவில் இதையே வேறு விதமாக அளக்கிறார்கள், வீட்டைவிட்டு வெளியேறும் சராசரி வயது என்று. 2022இல் பின்லாந்தில் 21.3, குரோஷியாவில் 33.4. குரோஷியப் பையனுக்குப் பின்லாந்துப் பையனைவிடப் பொறுப்பு குறைவு என்று எவரும் இதிலிருந்து முடிவு கட்டினால் அவரோடு எனக்குப் பேச்சில்லை. வாடகை, வேலை, மாணவர்க்கு அரசு தரும் உதவித்தொகை, இத்தனையும் அந்தப் பன்னிரண்டு வருஷ இடைவெளிக்குள் இருக்கின்றன.

ஒருத்தர் பேர்தான் வரும்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு மதியம், கையில் டேப்லெட்டோடு ஒரு இளம்பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார். குடும்பக் கணக்கெடுப்பு. அன்றைக்கு வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அம்மாவுக்கு 76, எனக்கு 48, என் மகனுக்கு 23. மூன்று பேருமே முழு ஆட்கள். அவரவர்க்கு வருமானம் உண்டு: அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம், எனக்கும் மகனுக்கும் சம்பளம்.

“குடும்பத் தலைவர் யாருங்க?” என்றார் அந்தப் பெண்.

அம்மா என் பக்கம் கையைக் காட்டினார். அதே நேரத்தில் நான் “அம்மாதாங்க” என்றேன். மகன் ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமலே “நான் இல்ல” என்றான்.

“ஒருத்தர் பேர்தாங்க வரும். மத்தவங்க எல்லாரும் அவங்களுக்கு என்ன உறவுன்னு போடணும்.”

அம்மாவுக்கு இந்த இடத்தில்தான் காது நிமிர்ந்தது. “அப்ப இவன் பேரப் போட்டா நான் என்னன்னு வருவேன்?”

“தலைவரோட அம்மான்னு வரும்.”

“என் பேரப் போட்டா?”

“நீங்க தலைவி. சார் மகன். தம்பி பேரன்.”

அம்மா ஒருமுறை என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப என் பேரையே போடும்மா. வீடு என் பேருலதான இருக்கு.”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பெயரை ஏற்றினார். அடுத்த கேள்வி: “உங்க ஃபோன் நம்பர் சொல்லுங்கம்மா.” அம்மா உடனே என் பக்கம் திரும்பினார். “டேய், நம்பரச் சொல்லு.” நான் சொன்னேன். அது என் நம்பர். சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் என் சட்டைப்பையில் ஓடிபி வந்து விழுந்தது. குடும்பத் தலைவியின் ஒப்புதலை நான் படித்துச் சொன்னேன்.

அவர் போனபிறகும் எனக்கு அந்த இரண்டு வரிகள்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. தலைவர் பெயர்: அம்மா. தொடர்பு எண்: நான். நான் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்த அந்த வருஷம் இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் எங்கோ இருக்கிறது என்று பட்டது. யோசித்துப் பார்த்தால், அப்பா இறந்தபிறகு ஏதோ ஒரு கவுண்டரில் யாரோ ஒருவர் நம்பர் கேட்டார்; அம்மாவின் ஃபோனில் சார்ஜ் இல்லை; பக்கத்தில் நின்ற நான் என்னுடையதைச் சொன்னேன். அவ்வளவு சாதாரணமாகத்தான் தொடங்கியது. அப்புறம் ஓய்வூதியக் கணக்கு, மின்கட்டணம், கேஸ், இரத்தப் பரிசோதனை முடிவுகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக அந்த நம்பரிலேயே வந்து ஒட்டிக்கொண்டன. இன்றைக்கு அம்மா தன் காசை எடுத்துத் தனக்கு ஒரு பொருள் வாங்க வேண்டுமென்றால் நான் மீட்டிங்கில் இல்லாத நேரமாகப் பார்க்க வேண்டும். “ஒரு நம்பர் வந்திருக்குமே, பாரு” என்பார். “எதுக்கும்மா?” என்பேன். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத கேள்வி. 18 வயதில் காசு கேட்டால் அவர் என்னைக் கேட்ட கேள்வியும் அதேதான்.

தலைவர் என்று ஒருவர் எதற்கு?

எங்கள் வீட்டு மூன்று பேருக்குள் வந்த இந்தக் குழப்பத்தில் பெரிய பெரிய கணக்கெடுப்புகளும் மாட்டிக்கொண்டு முழித்திருக்கின்றன. அமெரிக்காவில் 1970கள்வரை கணவனும் மனைவியும் இருக்கிற வீட்டில் தலைவர் யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. கணவன் பெயர் தானாகவே போய் உட்கார்ந்துவிடும். 1980 கணக்கெடுப்பில் தலைவர் என்பதையே எடுத்துவிட்டார்கள். வீட்டை வாங்கியவர் அல்லது வாடகைக்கு எடுத்தவர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவரை முதல் ஆளாக வைத்து மற்றவர்களின் உறவை எழுதிக்கொண்டால் போதும் என்று ஆயிற்று. இந்தியாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டார் யாரைச் சொல்கிறார்களோ அவரே தலைவர் என்று விட்டுவிடுகிறது. ஆனால் 2013இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் குடும்ப அட்டைக்கு வேறு விதி வைத்திருக்கிறது: வீட்டில் 18 வயது நிரம்பிய பெண்களில் மூத்தவரே தலைவர். ஆகவே ஒரே வீட்டுக்கு ஒரு காகிதத்தில் ஒரு தலைவர், இன்னொரு காகிதத்தில் இன்னொரு தலைவர் இருக்கலாம், இரண்டுமே செல்லும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைவரை மாற்றினால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் மாறிப்போகிறார்கள். அம்மா பெயர் மேலே இருந்தால் நான் இந்த 48 வயதில் ‘பெற்றோர் வீட்டில் வாழும் ஆண்’. பத்திரிகைகள் கவலைப்படுகிற கூட்டத்தில் ஒருவன். என் பெயர் மேலே இருந்தால் நான் ‘முதிய தாயைப் பராமரிக்கும் குடும்பத் தலைவன்’. பத்திரிகைகள் மெச்சுகிற கூட்டத்தில் ஒருவன். ஒரு பேனா, ஒரு வரி. வயதுவாரி அட்டவணைகளை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையையே எடை போடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

அன்றைக்கு இன்னொரு ஆளும் கணக்கில் இடம் மாறினார். என் மனைவிக்கு வேலை வேறு ஊரில், வாரக்கடைசியில் வருவாள். “பெரும்பாலான நாள் எங்க இருக்காங்களோ அங்கதாங்க சேர்ப்போம்” என்று சொல்லி அந்தப் பெண் அவளை எங்கள் பட்டியலில் ஏற்றவில்லை. விதி அப்படித்தான். ஆகக் கல்யாணமாகி, மாமியாரும் மகனும் உள்ள ஒருத்தி, கணக்குப்படி ‘தனியாக வாழும் நடுத்தர வயதுப் பெண்’. ராத்திரி ஃபோனில் சொன்னபோது அவள் சிரித்தாள். “பரவால்ல, ஒரு வீட்டுக்காவது நான் தலைவியா இருக்கேனே.”

ஒரு சமையலறை, ஒரு குடும்பம் என்பதுதான் இந்தியக் கணக்கெடுப்பின் அடிப்படை. எண்ணுவதற்கு அது சௌகரியமான விதி, மறுக்கவில்லை. ஆனால் சமூகவியலாளர் ஐ.பி. தேசாய் குஜராத்தில் மஹுவா என்ற சிறுநகரத்துக் குடும்பங்களை ஆராய்ந்து, கூரையையும் அடுப்பையும் மட்டும் பார்த்துக் கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா என்று சொல்லிவிட முடியாது என்றார். சொத்தும் வரவுசெலவும் கடமையும் யார் யாருக்குள் ஓடுகின்றன என்பதையும் பார்க்கச் சொன்னார். 1960களில் சொன்ன விஷயம். அவருடைய அளவுகோலால் அளந்தால் என் மனைவி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். சொல்லப்போனால் என்னைவிட அதிகமாகவே இருக்கிறாள்; மகனுடைய சம்பளத்தில் எவ்வளவு எங்கே போகிறது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

சாவு பார்த்துக்கொண்ட வேலை

அந்தக் காலத்தில் இதெல்லாம் குழப்பமே இல்லை, எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள் என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இங்கிலாந்திலும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். பீட்டர் லாஸ்லெட் என்ற வரலாற்றாசிரியரும் அவருடைய கேம்பிரிட்ஜ் குழுவும் பழைய ஊர்ப் பட்டியல்களைத் தோண்டி எடுத்துப் பார்த்தபோது, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அங்கே ஒரு வீட்டில் சராசரியாக இருந்தவர்கள் ஐந்து பேர்கூட இல்லை, 4.75தான். பதின்ம வயதிலேயே பிள்ளைகள் அடுத்தவர் வீட்டில் வேலைக்குப் போய்விட்டார்கள். இந்தியாவில் கதை வேறு, கூட்டுக் குடும்பம் நிஜமாகவே இருந்தது. ஆனால் சுதந்திரம் வாங்கிய சமயத்தில் இங்கே பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். பச்சிளம் குழந்தைகளின் சாவுதான் அந்த எண்ணை அவ்வளவு கீழே இழுத்தது என்பது உண்மை. இருந்தாலும் 20 வயதைத் தாண்டியவர்களும் 76வரை வருவது அபூர்வம்.

இதன் பொருளை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் யோசித்தேன். அம்மாவும் மகனும் இருவருமே வளர்ந்த ஆட்களாக ஒரே சமயத்தில் உயிரோடு இருக்கிற காலம் அப்போது கொஞ்சம்தான். சாவி எப்போது கைமாற வேண்டும் என்ற கேள்வியைச் சாவே தீர்த்துவைத்தது. ஒருவர் போனார், அடுத்தவர் எடுத்துக்கொண்டார், பதின்மூன்றாம் நாளோ நாற்பதாம் நாளோ ஊரைக் கூட்டி அதைச் சொல்லியும் விட்டார்கள். இன்றைக்கு 18 வயதில் பிள்ளை பெரிய ஆளாகிறான் என்றால், அதற்கப்புறம் நாற்பது வருஷம்கூட அவனும் அவன் பெற்றோரும் சேர்ந்தே இருக்கலாம். என் விஷயத்தில் முப்பது ஆகிவிட்டது, அம்மா திடமாக இருக்கிறார். இந்த நாற்பது வருஷத்துக்கு நம்மிடம் சடங்கு எதுவும் இல்லை. இருவரும் உயிரோடு இருக்கும்போதே வீடு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. எந்த நாளில் என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது.

அந்த நாற்பது வருஷம் சரியாக நடக்காவிட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். 1980இல் 65 வயதுக்கு மேற்பட்டவர் உள்ள வீடுகளில் பாதி மூன்று தலைமுறை வீடுகள். 2022இல் அது 7.1 சதவீதம். இந்தச் சரிவை எல்லோரும் பேசுகிறார்கள். அதே அட்டவணையில் பக்கத்திலேயே ஒரு வரி ஏறிக்கொண்டிருக்கிறது: வயதான பெற்றோரும் மணமாகாத பிள்ளையும் மட்டும் இருக்கிற வீடுகள். 1980இல் 10 சதவீதம் சொச்சம். இப்போது 20ஐ ஒட்டி நிற்கிறது. அதில் நல்லபடியாக இருக்கிறவர்கள் நிறைய. ஆனால் 80களில் உள்ள பெற்றோரின் ஓய்வூதியத்தில் 50களில் உள்ள பிள்ளை அறையைவிட்டு வெளியே வராமல் வாழ்கிற வீடுகளும் உண்டு. அதை அங்கே 8050 பிரச்சினை என்கிறார்கள். 40 முதல் 64 வயதுக்குள் இப்படி ஒதுங்கி வாழ்கிறவர்கள் 6,13,000 பேர் இருக்கலாம் என்று 2019இல் ஜப்பான் அரசே மதிப்பிட்டது. அந்த வீட்டில் யார் வீட்டில் யார் இருக்கிறார்? தலைவர் அம்மாதான், 85 வயதிலும். கைமாறவே மாறாத வீடு அது.

இன்னொரு கோடி, முழுக்கப் பிரிந்துவிடுவது. 130 நாடுகளை வைத்துப் பியூ மையம் பார்த்ததில், 60 வயதைத் தாண்டியவர்களில் தனியாக இருப்பவர்கள் 16 சதவீதம், அமெரிக்காவில் மட்டும் 27. இதைக் கேட்டதும் ‘ஐயோ பாவம்’ என்பவர்கள் ஒருமுறை அந்த 27 சதவீதத்தில் ஒருவரிடம் கேட்டுப்பார்க்க வேண்டும். தன் சாவி தன்னிடம் இருக்கிறது என்று அவர் சொல்லக்கூடும். சிங்கப்பூர் அரசு இதை ஒருவழியாகப் புரிந்துகொண்டிருக்கிறது: பெற்றோரோடு சேர்ந்து வாழ வீடு வாங்கினாலும் மானியம், 4 கிலோமீட்டருக்குள் வாங்கினாலும் மானியம். ஒரே கதவு வேண்டியதில்லை, கூப்பிட்டால் வந்து சேர்கிற தூரம் போதும் என்கிற கணக்கு.

துண்டு துண்டாக

எந்த வருஷம் என்று நான் கேட்டதே சரியான கேள்வி இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது. வீடு மொத்தமாகக் கைமாறுவதில்லை. பிளம்பரைக் கூப்பிடுகிற வேலை முதலில் வந்தது. அப்புறம் மருத்துவரிடம் பேசுகிற வேலை. முன்பெல்லாம் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்த மருத்துவர், இப்போது அம்மா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே என்னைப் பார்த்துப் பேசுகிறார். அப்புறம் அந்த ஓடிபி. ஆனால் எந்தக் கல்யாணத்துக்குப் போயே ஆக வேண்டும், எந்தச் சண்டையை மறந்துவிட வேண்டும், யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் இன்னும் அம்மா சொல்வதுதான். சித்தப்பா வீட்டோடு பேசாமல் இருந்த காலத்தில், ‘போதும்’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னபிறகுதான் நான் ஃபோன் செய்தேன். அந்த இலாகாவை அவர் விட்டுத்தர மாட்டார், நானும் கேட்க மாட்டேன். மகன் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது வைஃபை மட்டும். கடவுச்சொல்லை மாற்றிவிட்டு எங்களுக்குச் சொல்ல மறந்துவிடுவான்.

அவன் இந்த வருஷக் கடைசிக்குள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் நண்பர்களோடு அறை எடுத்துப் போகப்போகிறான். எனக்கு ஆட்சேபணை இல்லை. ‘உறவல்லாதவரோடு’ என்ற கட்டம் நிரம்பட்டும். போவதற்கு முன்னால் பாட்டியின் வங்கி வேலைகளை அவன் நம்பருக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டேன். மூன்று பேரும் மேஜையில் இருந்தோம். அவன் பதறிப்போய், “அப்புறம் பாட்டி என்னையில்ல கூப்பிடுவாங்க, நான் மீட்டிங்ல இருப்பேன்” என்றான். அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “என் காசுக்கு என் நம்பர் போட்டா என்னடா?” என்றார்.

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மறுவாரமே பேரன் அவரைக் கூட்டிக்கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வந்தான். கையெழுத்து பழைய மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று இரண்டாவது முறையும் போக வேண்டியிருந்தது. இப்போது ஓடிபி அம்மாவின் ஃபோனுக்கே வருகிறது. எழுத்து பொடியாக இருப்பதால் யாராவது படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, பெரும்பாலும் அவன்தான் மாட்டுகிறான். போன வாரம் அவன் வழக்கம்போல “எதுக்குப் பாட்டி?” என்று கேட்டது எனக்குப் பக்கத்து அறையில் கேட்டது.

“நம்பர மட்டும் படி” என்றார் அம்மா.